கை நனையாமல்

குச்சியால் தின்றால் கை நனையாது. மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதும், தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டும்போதும், கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளும்போதும் அங்கப்பன் இதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். கடை கடைதான், வீடாகிவிடாது. காசு கொடுத்துத் தின்பது வேறு, ஒரு வீட்டில் கை நனைப்பது வேறு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரப்பர் தோட்டத்து ஜனம் அத்தனையும் பார்த்து நிற்க, ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டு, 'இனிமே அஞ்சலை வீட்டுல கை நனைச்சா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல' என்று அவர் சொன்ன சொல்லில் கடை என்ற வார்த்தை வரவில்லை, சீனன் சாப்பிடுகிற குச்சியைப் பற்றியும் பேச்சில்லை. ஒரு வாரம் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த வழி இது. அடுத்த மாதம் பதினாறாம் தேதி மகன் லோகநாதனுக்குக் கல்யாணம். ஒரே பிள்ளை, கூடப்பிறந்த பெண் கிடையாது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், பின்னால் நின்று மற்ற முடிச்சுகளைப் போட மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ வேண்டும், இல்லையென்றால் அப்பனோடு பிறந்தவள் வேண்டும். 'அத்தை வந்து முடிச்சுப் போடலைன்னா ரெஜிஸ்டர் ஆபீஸ் கையெழுத்தோட நிறுத்திக்கிறேன்ப்பா' என்று பயல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். எந்த அத்தை? அவர் தங்கச்சி அஞ்சலை, இவன் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு சீனனோடு ஓடிப்போனவள். அப்புறம்தான் வெளியே வந்தது, பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவன் அவளுடைய இந்தக் கடைக்கு வந்து தின்றுகொண்டிருக்கிறான் என்று. பெண்டாட்டி பாக்கியத்துக்கும் தெரியும். வீட்டில் தெரியாத ஒரே ஆள் வீட்டுத் தலைவர். பாக்கியம் அதற்கு வெட்கப்படவும் இல்லை. 'நீங்களே போங்க. போயி சாப்பிட்டுட்டு வாங்க. அழைக்கப்போன எடத்துல கை நனைக்காம வந்தா அது அழைப்பு இல்ல, நோட்டீசு' என்றாள்.

மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. பத்து மேசை, அதில் இரண்டில்தான் ஆள். சுவர் முழுக்கப் படம், படத்துக்கு ஒரு நம்பர். நல்லதாய்ப் போயிற்று, மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு நம்பர் போதும். சமையல்கட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி, உள்ளே மாவு பிசைவதும் மடிப்பதும் தெரிகிற மாதிரி. கதவைத் தள்ளின உடனே கண்ணாடிக்குப் பின்னால் நின்றவள் தலை தூக்கினாள். தூக்கினது தூக்கினபடி ஒரு நொடி. ஆனால் கை நிற்கவில்லை. அதை அங்கப்பன் கவனித்தார். தலை நரைத்து, முகம் சப்பளிந்து, கண்ணுக்குக் கீழே அம்மாவுக்கு இருந்த அதே பை. தைப்பிங் சின்ன ஊர்தான், நாற்பது வருஷத்தில் சந்தையில் நாலு தடவை, ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் ஒரு தடவை முதுகைப் பார்த்திருக்கிறார், பார்த்ததும் வேறு பக்கம் நடந்திருக்கிறார். முகத்தை இப்படி நேராகப் பார்த்ததில்லை. அவர் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரலாம் என்று நினைத்து, அப்புறம் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். எதற்குப் பயப்பட வேண்டும், தப்புச் செய்தவள் அவள். அவள் புருஷன் ஆ செங்தான் தேநீர்க் கெண்டியோடு வந்தான். தோட்டத்து வாசலில் சைக்கிளில் அவித்த பாவ் ரொட்டி விற்ற காலத்தில் கறுகறுவென்று தலை நிறைய முடி வைத்திருந்தவன், இப்போது மண்டை வழுவழு என்று கிடந்தது, காதில் மெஷின். "மழைக்கு முன்னால வந்துட்டீங்க மச்சான்" என்றான், தோட்டத்துத் தமிழில், நேற்றுப் பார்த்துப் பிரிந்த மாதிரி. மச்சான். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டதாகவும் ஆகிவிடக் கூடாது, தள்ளிவிட்டதாகவும் ஆகிவிடக் கூடாது. அங்கப்பன் சுவரைக் காட்டி, "மூணு, ஏழு, எட்டு, பன்னெண்டு" என்றார். "ஒரு ஆளுக்கா?" என்றான் ஆ செங். "ஒரு ஆளுக்குத்தான். ருசி பாக்க வந்தேன்." "பாருங்க பாருங்க. முப்பத்தாறு வருசமா இங்கதான் இருக்கு" என்றுவிட்டுப் போனான். அது சும்மா சொன்னதா, குத்திச் சொன்னதா? சீனன் முகத்தில் எதுவும் தெரியாது என்று ஐஸ் கம்பெனியில் சொல்வார்கள், அதெல்லாம் பொய், முதலாளி முகத்தில் அவருக்கு எல்லாம் தெரியும். இவன் முகத்தில்தான் அவர் பார்க்க விரும்பவில்லை.

முதலில் வந்தது இறால். மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது, மூக்குக்கண்ணாடி மங்கியது, கழற்றித் துடைத்தார். நாலு கொழுக்கட்டை, நம் கொழுக்கட்டை மாதிரி இல்லை, தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே இறால் சுருண்டு கிடப்பது செம்மண் நிறத்தில் வெளியே தெரிந்தது. குச்சியைச் சுடுநீரில் அலசி எடுத்தார். குச்சி பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முப்பது வருஷம் ஐஸ் லோரி ஓட்டியவர், மீன் மார்க்கெட்டில் விடிகாலை நூடுல்ஸ் தின்றே வளர்ந்த கை. கடித்ததும் தோல் பல்லில் ஒட்டி விட்டது, சாறு நாக்கைச் சுட்டது, நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதே எரிச்சலாக இருந்தது. சப்பென்று இருந்திருந்தால் மனசுக்குச் சுலபம். 'ஓடிப்போயி என்னத்த கண்டா, சப்பு மாவ உருட்டுறா' என்று இத்தனை வருஷம் பாக்கியத்திடம் சொன்னதற்கு அர்த்தம் இருந்திருக்கும். இரண்டாவதை வாயில் போட்டபோது தட்டு நினைவுக்கு வந்தது. எப்போதும் வரும், சாப்பிடும்போதுதான் வரும். பித்தளைத் தட்டு, பரிசத் தட்டு. மேஸ்திரி வீட்டிலிருந்து அஞ்சலைக்கு வைத்த புடவை, வெள்ளிக் கொலுசு, காய்ந்துபோன வெற்றிலை. அவள் சீனன் சைக்கிளில் போன ஒன்பதாவது நாள், அப்பா படுத்துவிட்டார், அதனால் தட்டைத் திருப்பிக் கொடுக்க அண்ணன்காரன்தான் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளின் முன்னால் நடந்தான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, முப்பது வீடு, முப்பது வாசலிலும் ஆள். மேஸ்திரி பெண்டாட்டி புடவையை மட்டும் இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தாள். 'தட்டக் காவா ஓரமா வை. உள்ள கொண்டாராத' என்றாள். குனிந்து வைத்தார். அப்போது ஒரு பிள்ளை சிரித்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று நாற்பது வருஷமாக யோசித்தும் பிடிபடவில்லை, முகம் இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது. நேற்று பாக்கியம் வெற்றிலை, பழம், புடவை எல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கித் துணி கட்டிக் கொடுத்தாள். 'தட்டத் தூக்க மாட்டேன்' என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பத்திரிகை மட்டும் சட்டைப்பையில். மஞ்சள் தடவின மூலை சட்டையில் கறையாகியிருக்கும்.

ஏழாம் நம்பர் சட்டியில் பொரித்தது, அடி மொறுமொறுவென்று செந்நிறம், மேல் பக்கம் மிருது. எட்டாம் நம்பர் சூப்பில் மிதந்தது, குச்சிக்குச் சிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது, கரண்டி கொடுத்தான் ஆ செங். கரண்டியும் கை இல்லைதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டின மாதிரி, கடைக்குள் இருட்டிப்போய் சமையல்கட்டு விளக்கு மட்டும் மஞ்சளாய்ப் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் பார்த்தார். இடது உள்ளங்கையில் தோலை வைத்து, ஒரு சிட்டிகை பூரணம், அப்புறம் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்து நகர்ந்து, கடைசியில் ஒரு திருகு. மடித்து மடித்து ஒரு திருகு. அந்தத் திருகை அவர் முன்பே பார்த்திருக்கிறார், இல்லை, பார்த்ததில்லை, மாப்பிள்ளையாகக் குனிந்து முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? பாக்கியத்தின் கழுத்துக்குப் பின்னால் தன் விரல் முதல் முடிச்சைப் போட்டுத் தடுமாறியபோது இன்னொரு கை வந்து அவர் விரலை விலக்கிவிட்டது. 'விடுண்ணே, நான் பாத்துக்கிறேன்.' மேளச் சத்தத்தில் காதுக்குள் வந்து சொன்னாள். இருபத்திரண்டு வயசு. நாற்பத்திரண்டு வருஷமாகக் கயிறு மாற்றும்போதெல்லாம் பாக்கியம் சொல்வாள், 'ஒங்க முடிச்சு இல்ல அன்னிக்கு விழுந்தது, ஒங்க தங்கச்சி முடிச்சு, அதான் கல்யாணம் நிக்குது.' சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் எழுந்து போய்விடுவார். ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே எத்தனை தடவை எழுந்து போவது. பன்னிரண்டாம் நம்பர் முட்டையும் ஏதோ தழையும், பூண்டு வாசம். அதைத் தின்னும்போதுதான் வயிறு நிறைந்துவிட்டது என்று தெரிந்தது, ஆனாலும் தின்றார். தின்றுகொண்டிருக்கும்வரை பேச வேண்டியதில்லை.

ஐந்தாவதாக அவர் கேட்காதது வந்தது. மிளகாய் எண்ணெயில் சிவப்பாக முங்கிக் கிடந்தது. "நான் கேக்கலையே" என்றார். "உள்ளேருந்து வந்துச்சு" என்றான் ஆ செங். "நம்பர் எத்தனை?" "பதினாலு." நம்பர் இருக்கிறது, அப்படியென்றால் கடைச் சாமான்தான், காசு கொடுத்துவிடலாம். அதைத் தின்று முடிப்பதற்குள் ஆறாவது வந்தது, வேர்க்கடலையும் சர்க்கரையும் வைத்து அவித்தது. அவருக்கு இனிப்புப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறாள். இது என்ன, பாசமா, பழியா? தின்ன வைத்தே ஆளைச் சாய்க்கப் பார்க்கிறாளா? சின்ன வயசிலேயே அப்படித்தான், சண்டை போட்டால் பேசமாட்டாள், அவர் தட்டில் சோற்றை அள்ளி அள்ளி வைப்பாள், தின்று தீர்க்கிறவரை நின்று பார்ப்பாள். கண்ணாடிக்குள் அவள் இல்லை. மாவுப் பலகை மட்டும் இருந்தது. இப்போது வருவாள். வந்து அழைப்பைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்கிறது, தட்டைப் பற்றிக் கேட்டாலும் இருக்கிறது, சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது, நாற்பது வருஷத்துச் சரக்கு கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்றைக் கேட்டுவிடக் கூடாது. அதற்கும் அவரிடம் பதில் இருக்கத்தான் செய்கிறது, பதினொரு வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பதில். 'அம்மாவுக்குக் கடைசியில நெனவே இல்ல. யாரையும் கேக்கல.' சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியே நடந்த மாதிரி ஆகியும் அந்தக் கட்டில் இருக்கிறது, ஜன்னல் பக்கம் திரும்பின தலை இருக்கிறது. அம்மாவுக்கு நினைவு இருந்தது. மூன்று நாளும் இருந்தது. 'அஞ்சலைக்குச் சொன்னியாடா?' 'சொல்லிவிட்டேம்மா, வந்துக்கிட்டு இருக்கா.' தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தத் தலை திரும்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு திங்கள், ஒரு செவ்வாய். இந்தக் கடை அந்த வீட்டிலிருந்து இருபது நிமிஷம். அவர் சொல்லி அனுப்பவே இல்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் அம்மா, 'கடைய மூடிட்டுத்தான வரணும் பாவம்' என்று தானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை, அன்றைக்கு ராத்திரியே உயிர் போய்விட்டது. சாம்பல் கரைத்து வந்த பிறகுதான் அஞ்சலைக்குச் சேதி போனது.

அவள் ஐந்து கொழுக்கட்டை வைத்த ஒரு தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முழங்கைவரை மாவு. தட்டை வைத்தாள், அவர் கையிலிருந்த குச்சியை உருவி எடுத்துப் பக்கத்து மேசையில் போட்டாள், கரண்டியையும் எடுத்தாள்.

"இது செவுத்துப் படத்துல இல்ல. நம்பர் கெடையாது. நாங்க வீட்டுக்குச் செய்யிறது. நெத்திலியும் முருங்கைக்கீரையும்."

"வயிறு நெறஞ்சுபோச்சு" என்றார்.

"குச்சியில தின்னா கை நனையாதுன்னு கணக்குப் போட்டு வந்திருக்க. ஆறு தட்டு தின்னுருக்க, ஒரு விரல்ல எண்ணெய் படல. ஐஸ் லோரி ஓட்டுனவன்ல."

அவர் பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தார். "பதினாறாந் தேதி. ஒன்பதரையிலேர்ந்து பத்தரை முகூர்த்தம். லோகா நீதான் வரணுங்குறான்."

"லோகா கூப்புட்டுட்டான். போன மாசமே கூப்புட்டுட்டான். நீ எதுக்கு வந்த?"

"கூப்புடத்தான்."

"தட்டு எங்க?"

அவர் பத்திரிகையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவள் தட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். அண்ணே என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை என்பதை அவர் குறித்துக்கொண்டார். கூப்பிட ஒரு சொல் இல்லாமலே இவ்வளவு பேசுகிறாள், அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். "காசு குடுத்துத் தின்னா கடை. குடுக்காமத் தின்னா வீடு. ஒனக்கு எது வேணும்னு நீயே சொல்லு" என்றாள். "கடைக்கு வர்ற ஆளுங்க பத்திரிகை வைப்பாங்க, நான் வாங்கி அந்தச் செவுத்துல ஒட்டுவேன். போறது இல்ல."

மழை கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அங்கப்பன் கையைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்து, நடுவிரல் வளைந்துபோன கை. இந்தக் கையைத் தூக்கித் தட்டில் வைப்பது அப்படி ஒன்றும் பெரிய பளு இல்லை, ஐஸ் கட்டி ஒன்று ஐம்பது கிலோ. ஆனால் வைத்துவிட்டால் அந்தக் காவாய் ஓரம் குனிந்தவன் என்ன ஆவான்? அவனுக்கு யார் இருக்கிறார்கள் தன்னைத் தவிர? தோட்டத்தையே அழித்து வீடு கட்டிவிட்டார்கள், மேஸ்திரி பெண்டாட்டி செத்துப் போனாள், பார்த்த முப்பது வாசலும் இல்லை, அன்றைக்கு நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர். மறந்துவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். விரல் தட்டைத் தொட்டபோது, தொட்டது தன் விரல்தான் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. சூடாக இருந்தது. எடுத்து வாயில் போட்டார். காரம் மூக்கில் ஏறியது. இரண்டாவதை எடுத்தபோது கீரைச்சாறு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. அவள் நின்று பார்ப்பதற்குப் பதில் உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்தையும் தின்றார். கடைசியை விழுங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டுச்சா?"

நினைவே இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. நல்ல பதில். அதைச் சொன்னால் அவள் வருவாள், முடிச்சுப் போடுவாள், லோகா சிரிப்பான், பாக்கியம் ஒரு மாசம் நன்றாகச் சமைப்பாள். யாருக்கும் நஷ்டம் இல்லை. செத்தவள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

"கேட்டுச்சு" என்றார். "மூணு நாள் கேட்டுச்சு. நெனவு நல்லா இருந்துச்சு. நீ வந்துக்கிட்டு இருக்கன்னு சொன்னேன். நான் ஆள் அனுப்பல."

சொல்லிவிட்டபிறகு, இது மனசு இளகிச் சொன்னதா, இல்லை, கையை நனைக்க வைத்தவளுக்குத் திருப்பி ஒரு அடி கொடுக்கச் சொன்னதா என்று அவருக்கே விளங்கவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. முழங்கையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினாள், ஒரு துண்டு, இன்னொரு துண்டு. "கடைசியில ஏதாச்சும் சொல்லுச்சா?" என்றாள். "கடைய மூடிட்டுத்தான வரணும் பாவம்னுச்சு." அவள் தலையை ஆட்டினாள், விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. "அன்னிக்குச் செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமை கடை லீவு" என்றாள். எழுந்தாள். பத்திரிகையைத் தொடவில்லை. அவர் கையால் தின்ற அந்த ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்ற ஆறும் மேசைமேல் அப்படியே இருந்தன. உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, நெடுநேரம் நிற்கவில்லை. ஒரு தட்டைக் கழுவ இத்தனை தண்ணீர் வேண்டியதில்லை.

ஆ செங் காதோரம் செருகியிருந்த பென்சிலோடு வந்தான். இந்தக் கடையில் மேசைமேல் இருக்கிற தட்டைப் பார்த்துத்தான் பில். பென்சில் முனையால் ஒவ்வொன்றாய்த் தொட்டான். "ஆறு" என்றான். அவன் கண் சிவந்திருந்தது, மெஷின் மாட்டின காதுக்குக் கேட்டிருக்கிறது. ஆக, காசு வாங்கப் போகிறார்கள். கடை என்று ஆகிவிட்டது. தான் நினைத்து வந்தது அதுதானே, அப்புறம் ஏன் மார்பில் ஐஸ் கட்டியை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது? ஆறா? அங்கப்பன் ஆயுசில் ஒருவனுக்கும் ஒரு தட்டுக் குறைத்துக் காசு கொடுத்தவர் இல்லை. ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு உள்ளே அவள் மறுபடியும் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்காமல், மடித்து மடித்து. அந்த ஏழாவதை அவள்தான் எடுத்துப்போயிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். இடது கையால் சட்டைப்பையைத் துழாவி ஆறுக்கு உள்ளதைக் கொடுத்தார்.

"இது?" என்று பத்திரிகையைக் காட்டினான் ஆ செங்.

"இருக்கட்டும்."

"இருக்கட்டும் மச்சான். அவ எடுத்தா எடுப்பா."

கைகழுவும் தொட்டி வாசலை ஒட்டி இருந்தது, சோப்பும் துண்டும் தொங்கின. அங்கப்பன் அதைத் தாண்டி, வலது கையை உடம்பில் படாமல் கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி, மழை விடும்வரை முன்னால் சார்ப்பில் நிற்கலாம் என்று வெளியே போனார்.